பெருக்கல் குறி இல்லாத பக்கம்

டோக்கியேவின் வேலை மழை வரைவது. மழை, மின்கம்பி, ரயில் பெட்டி, மேடைக்குக் கீழே நெருக்கியடித்து நிற்கும் கூட்டம், கிதார், ஒலிபெருக்கி. பதினாறு வருடங்களாக இகாராஷியின் சித்திரக்கதைகளில் மனிதர்களுக்குப் பின்னால் தெரிவதெல்லாம் அவள் கை. மனிதர்கள் அவர் கை. எல்லா ஓவியக் கூடங்களிலும் அப்படித்தான். உதவியாளர் ஒரு நகரத்தையே வரையலாம். கதாநாயகனின் முகத்தைத் தொடக்கூடாது. கண்ணைத் தொடவே கூடாது.

அவோமோரியில், கணவாய் பிடிக்கும் துறைமுகத்தில் பிறந்தவள். இருபத்திநாலு வயதில் ஒரு பத்திரிகையின் புதுமுகப் போட்டிக்கு முப்பத்திரண்டு பக்கக் கதை அனுப்பினாள். 'பின்னணி மிக நன்று. முகங்களில் உயிர் இல்லை' என்று பதில் வந்தது. அவர்களே இகாராஷியிடம் உதவியாளராக அனுப்பிவைத்தார்கள். அவருடைய கூடம் தலைநகரின் நெரிமாவில், சலவைக் கடைக்கு மேலே மாடி. துணி தேய்க்கும் ஆவி படிக்கட்டு வழியாக ஏறி வரும். இரண்டு முறை கல்யாணப் பேச்சு வந்தது. முதல் முறை, பெண் பார்க்கும் நாள் பக்கங்கள் கொடுக்கும் நாளாகிவிட்டது. இரண்டாம் முறை போனாள். மாப்பிள்ளையின் அம்மா பேச்சு முடியும்வரை அவள் நகக்கண்ணில் இருந்த மையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்பது வயதில்தான் அவளுக்கு ஒரு முகம் கிடைத்தது.

ராக் பாடகர் செகாவாவும் இகாராஷியும் சேர்ந்து உருவாக்கிய தொடர் அது. இரு வார இதழ் ஒன்றில் இரண்டு வருடமாக வந்துகொண்டிருந்தது. கதை செகாவாவுடையது. அவர் எழுத மாட்டார், கேசட்டில் பேசி அனுப்புவார். பேச்சுக்கு நடுவே கிதார் வரும், சில சமயம் வெறும் மூச்சு மட்டும். அவருடைய குழுவில் கிதார் வாசித்த தமாகி இருபத்தேழு வயதில் இறந்துபோனான். கதையில் அவனுக்குப் பெயர் ரென்.

போன நவம்பரில் இகாராஷியின் வலது கை நடுங்க ஆரம்பித்தது. குளிர் என்றார். பக்கம் கொடுக்க ஐந்து மணி நேரம் இருக்கும்போது, ரென்னின் முகம் வரும் பக்கத்தை அவள் மேசையில் வைத்தார். பென்சிலில் ஏதோ போட்டிருந்தார்.

"இன்னிக்கு மட்டும் நீ மை போடு, டோக்கியே. கண்ணும்."

போட்டாள். அந்த இதழ் வந்த அன்று செகாவா தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ஐயா, இப்பத்தான் அவன் வந்திருக்கான்! இத்தனை நாள் அவனை மாதிரி ஒருத்தன் இருந்தான். இப்ப அவனே வந்துட்டான்!"

"நன்றி" என்று சொல்லி இகாராஷி தொலைபேசியை வைத்தார். யாரையும் பார்க்கவில்லை.

இன்றைக்கு மட்டும் என்றது ஏழு மாதமாயிற்று. வெளியே தெரிந்தால் பத்திரிகை பெயருள்ள வேறு ஓவியரைத் தேடிக்கொள்ளும். இகாராஷிக்குப் பெயர் போகும். அவளுக்கு ரென் போவான். கதை முடிய இன்னும் மூன்று இதழ் இருந்தது. அந்த மூன்றிலும் ரென் தன் பேனாவிலிருந்து வர வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

யாராவது படியேறினால் என்ன செய்ய வேண்டும் என்பது பழகிப்போயிருந்தது. இளைய உதவியாளன் ஓனோதேரா வானொலியைக் கூட்டி வைப்பான். டோக்கியே முகம் உள்ள பக்கத்தை இகாராஷியின் மேசைக்குத் தள்ளிவிட்டு ஒரு மழைப் பக்கத்தை எடுத்துக்கொள்வாள். அவர் மை தொடாத பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசிப்பவர்போல இருப்பார். பத்திரிகையிலிருந்து வரும் மினேகிஷி நல்லவர். கதவருகே நின்று பேசிவிட்டுப் போய்விடுவார்.

அன்று ஜூன் மாத வியாழக்கிழமை. மழைக்காலத்தில் மை காயாது. ஓனோதேரா தலைமுடி உலர்த்தும் கருவியைப் பக்கங்கள்மேல் காட்டிக்கொண்டிருந்தான். மூன்று மணிக்கு மினேகிஷி வருவார். இருபத்திரண்டு பக்கத்தில் கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி. பக்கம் முழுக்க ரென்னின் முகம். முகக்கோடு போட்டாகிவிட்டது. முடிக்குக் கறுப்பு அடிக்க வேண்டும். கண் கடைசியில்.

ஜன்னலோரம் நின்ற ஓனோதேரா திரும்பினான்.

"அக்கா. டாக்சி நிக்குது."

"மினேகிஷி சாரா? மணி ஒண்ணுகூட ஆகலையே."

"மழையில கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு மினேகிஷி சார் ஏன் வர்றார்? செகாவா சார்!"

பக்கம் கைமாறியது. வானொலி சத்தமாயிற்று.

செகாவா கதவருகே நிற்கிறவர் இல்லை. ஈரச் செருப்பைக் கழற்றினார், ஓனோதேராவின் தலையைத் தட்டினார், ஒரு நாற்காலியை இழுத்து இகாராஷியின் முழங்கையை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து பொன் விளிம்பு கட்டிய இரண்டு சதுர அட்டைகளை எடுத்தார்.

"நாளைக்குத் தமாகிக்குப் பதினேழாம் வருஷ நினைவுநாள். ஹமமாட்சுல அவங்க அம்மா வீட்டுல. பூஜை மாடத்துல வைக்க ரென்னை ஒண்ணு வரைஞ்சு கொடுங்க ஐயா. ஒண்ணு அம்மாவுக்கு, ஒண்ணு எனக்கு. ரெண்டரைக்கு ரயில்."

"தபால்ல அனுப்பறேன்" என்றார் இகாராஷி. "மூணு மணிக்குப் பக்கம் கொடுக்கணும்."

"அஞ்சு நிமிஷ வேலை. போன வருஷம் கடைத் திறப்பு விழாவுல முப்பது பேருக்கு நின்னுக்கிட்டே போட்டீங்களே."

"முதல்ல பக்கம்."

"சரி, முடிங்க. நான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

டோக்கியே மழை வரைந்தாள். ஏற்கனவே மழை இருந்த இடத்தில் இன்னும் மழை. இகாராஷியின் வலது கை மேசைக்கு அடியில் தொடைமேல் இருந்தது. இடது கை அதை அழுத்திப் பிடித்திருந்தது. அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அது தெரிந்தது. செகாவா இருந்த இடத்திலிருந்து தெரியாது. எழுந்தால் தெரியும்.

செகாவா குனிந்து பக்கத்தைப் பார்த்தார்.

"அடியில என்ன இவ்வளவு பென்சில் கோடு? மீன்வலை மாதிரி."

"ஐயா யோசிச்சு யோசிச்சுப் போடுவார் சார்" என்றான் ஓனோதேரா. "டீ குடிக்கிறீங்களா? காப்பி? உப்புப் பிளம் வச்ச சோத்து உருண்டை ஒண்ணு இருக்கு, அக்காவோடது, அவங்க சாப்பிட மாட்டாங்க."

"நீ ஏன்டா இவ்வளவு பேசறே இன்னிக்கு?"

ஓனோதேரா உலர்த்தும் கருவியை மறுபடி கையில் எடுத்தான்.

செகாவா பக்கத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். காய்ந்த பக்கங்களின் அடுக்கிலிருந்து இன்னொன்றை எடுத்தார். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"போன வருஷம் ஒரு நாள் முழுக்க இங்க இருந்தேனே, ஓனோதேரா. நீ என்னை வேலை வாங்கினே. பெருக்கல் குறி போட்ட இடத்துக்கெல்லாம் கறுப்பு அடிங்கன்னே. வரையறவருக்குத்தான் எது கறுப்புன்னு தெரியும், அடிக்கிறவனுக்குத் தெரியாது, அதனால பென்சில்ல குறி போட்டுக் கொடுப்பார்னு சொன்னே."

"ஆமா சார்."

"இந்தக் காஞ்ச பக்கத்துல சட்டைக் கறுப்புக்கு அடியில குறி தெரியுது. செருப்புக்குக்கூட இருக்கு. ரெண்டு பக்கத்துலயும் ரென்னோட முடிக்கு ஒரு குறிகூட இல்லையே."

யாரும் அதை யோசித்திருக்கவில்லை. மற்ற இடங்களுக்கு இகாராஷி பழக்கத்தில் குறி போட்டுக்கொண்டுதான் இருந்தார். ரென்னின் முடியில் எங்கே கறுப்பு, எங்கே வெளிச்சம் விழும் என்று யாரும் டோக்கியேவுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோடு போட்டவளே கறுப்பும் அடித்தாள்.

"மறந்துட்டேன்" என்றார் இகாராஷி.

"சரி. இப்பப் போடுங்க."

செகாவா பென்சிலை நீட்டினார். இகாராஷி வலது கையை மேலே எடுத்து அதை வாங்கினார். பென்சில் முனை தாளைத் தொட்டு டிக் டிக் டிக் என்று தட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கோடு இழுத்தார். அது புழு போல நெளிந்து ரென்னின் நெற்றியில் இறங்கியது.

வானொலியில் வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான் வரைஞ்சேன்" என்றாள் டோக்கியே.

செகாவா கண்ணாடியைக் கழற்றினார். இத்தனை நாளில் அவர் அவளிடம் நேராகப் பேசியது கிதார் தந்திகளைப் பற்றி மட்டும்தான்.

"எப்பலேர்ந்து?"

"நவம்பர் ரெண்டாவது இதழ்."

அவர் மனதுக்குள் தேதியைப் பின்னால் கொண்டுபோவது தெரிந்தது. இகாராஷி பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு நான் போன் பண்ணேன். அழுதேன்னு நினைக்கிறேன். நீங்க நன்றின்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"வேற ஒண்ணும் சொல்லத் தோணலையா?"

"தோணிச்சு. சொல்லலை."

செகாவா எழுந்து ஜன்னலுக்குப் போனார். அங்கிருந்து, திரும்பாமலே, "அந்த அம்மாகிட்ட நான் என்ன சொல்லி வச்சிருக்கேன் தெரியுமா? இகாராஷி ஐயா உங்க பையனை ஒரு தடவைகூடப் பாத்ததில்லை, ஆனா அவர் கைக்கு அவனைத் தெரியும்னு. அந்த அம்மா ஒவ்வொரு இதழையும் மாடத்துல வச்சு விளக்கேத்துறாங்க" என்றார்.

ஓனோதேரா உலர்த்தும் கருவியை அணைத்தான்.

செகாவா வந்து ஓர் அட்டையை டோக்கியேவுக்கு முன்னால் வைத்தார். "போடுங்க. எனக்கு நேரமாகுது."

அவள் மைப்பேனாவை எடுத்தாள். பென்சில் வேண்டியிருக்கவில்லை, ஏழு மாதமாக அந்த முகத்தைத்தான் வரைந்துகொண்டிருந்தாள். கோடு தடையில்லாமல் வந்தது. தாடை, மூக்கு, சரிந்து விழும் முடி. கண்ணைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

செகாவா ஒரு நொடிதான் பார்த்தார்.

"இது யாரு?"

"ரென்."

"அழகாத்தான் இருக்கான். ஆனா தமாகி இப்படி இல்லை. யாராவது அவனைப் பாத்தா, என்னடாங்கற மாதிரி பாப்பான். இவன் மன்னிப்புக் கேக்கற மாதிரி இருக்கான்."

அவள் காதுமடல் சுட்டது. 'முகங்களில் உயிர் இல்லை.' பதினாறு வருடம் கழித்து அதே ஆள் நேரில் வந்து அதையே சொன்னதுபோல இருந்தது. அட்டையையும் மேசைமேல் கிடந்த கடைசிப் பக்கத்தையும் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் இருந்தவன் ரென்தான். கண் இல்லாமலே ரென்தான். இரண்டும் அவள் கைதான். கோட்டில் குறை தெரியவில்லை. பிறகு கோட்டுக்கு அடியில் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் இகாராஷியின் பென்சில் வலை இருந்தது, அட்டையில் வெறும் வெள்ளை.

"ஒண்ணே முக்கால்" என்றார் செகாவா. "இருக்கறது இன்னும் ஒரு அட்டை."

டோக்கியே அந்த அட்டையை எடுத்து இகாராஷியின் முன்னால் வைத்தாள்.

"ஐயா, நீங்க பென்சில்ல போடுங்க."

"பாத்தேல்ல என் கையை."

"நடுங்கட்டும். எப்பவும் போல போடுங்க."

"இவர் முன்னாடியா?"

"இவர் முன்னாடிதான்."

அவர் போட்டார். ஒரு தாடைக்கு ஏழெட்டு தாடைகள் வந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக, விலகி, மோதி, திரும்பி. மூக்கு மூன்று இடத்தில் நின்றது. பார்க்கக் கூசியது. செகாவா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு திரும்பிப் பார்த்தார். வியர்வை இகாராஷியின் மூக்கு நுனியிலிருந்து சொட்டியபோது ஓனோதேரா துண்டை எட்டிப் பிடித்தான்.

டோக்கியே அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்தக் கோட்டுப் புதரில் ஒரு கோட்டைப் பிடித்தாள். அது விட்ட இடத்தில் இன்னொன்றுக்குத் தாவினாள். அவள் மட்டும் போட்டிருந்தால் ஒருபோதும் போயிருக்காத இடத்துக்குத் தாடை போனது. இடது கண் சற்றுத் தாழ்ந்து உட்கார்ந்தது. யாரோ கூப்பிட்டுத் திரும்பியவன்போல, என்னடா என்று பார்த்தான்.

அவள் ரப்பரை எடுத்ததும் செகாவா கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அழிக்காதீங்க. இப்படியே கொடுங்க."

அட்டையைக் காய வைக்க நேரமில்லை. தட்டு போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். ஓனோதேரா குடையோடு ஓடினான். வாசலில் நின்று செகாவா சொன்னார்:

"இதை நான் மறைக்கப் போறதில்லை. ஸ்டேஷன்லேர்ந்து மினேகிஷிகிட்டச் சொல்லிடுவேன். இங்க இருக்கற ரெண்டு கையில ஒண்ணு மாறினாலும் என்கிட்டேர்ந்து கேசட் வராதுன்னும் சொல்லுவேன்." ஒரு படி இறங்கிவிட்டு மேலே பார்த்தார். "ஐயா, உங்க மேல எனக்குக் கோபம் போகலை."

"போக வேண்டாம்" என்றார் இகாராஷி.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மினேகிஷி வந்தார். கதவருகே நிற்கவில்லை. உள்ளே வந்து இருவருக்கும் நடுவில், எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார்.

"ஆசிரியர் கத்தறார். வேற ஆளைப் போடுங்கறார். கேசட் வராதுன்னா எதைப் போடுவீங்கன்னு கேட்டேன். மூணு இதழ் இப்படியே போகட்டும்னார். யார் பேர் போடறதுங்கறதை அப்புறம் பேசுவாங்களாம்." கடிகாரத்தைப் பார்த்தார். "பக்கம் முடிஞ்சுதா?"

முடிந்திருந்தது. முடி கறுத்திருந்தது. கண்கள் இருந்தன. மை காய்ந்திருந்தது.

"பென்சிலை அழிக்கணும். ஒரு நிமிஷம்" என்றாள் டோக்கியே.

அச்சுக்குப் போகும் பக்கத்தில் பென்சில் இருக்கக் கூடாது. அவள் தாளின் ஓரத்தை இடது கையால் அழுத்திக்கொண்டு ரப்பரைத் தேய்த்தாள். தாடையைச் சுற்றி இருந்த தாடைகள் போயின. மூக்கைச் சுற்றி இருந்த மூக்குகள் போயின. நெற்றியில் நெளிந்த கோடும் போயிற்று. மைக்கோடு மட்டும் தனியாக, யாரோ ஒரே வீச்சில் போட்டதுபோல நின்றது. இகாராஷி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தூளை ஊதவில்லை. தூரிகையால் மெதுவாகத் தன் பக்கமாகத் தள்ளிவிட்டு, பக்கத்தை மினேகிஷியிடம் கொடுத்தாள்.