நீலவேணி அம்மாவிடம் நான் கேட்ட கேள்வி

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் பட்டா மாற்றத்துக்காகக் காத்திருந்தபோது போன் வந்தது. உமா பேசினார். "டீச்சர், நீலவேணி அம்மா காலையில தவறிட்டாங்க." எங்கள் வீட்டில் குடியிருந்த காலத்தில் அவரைப் பார்க்க வந்துபோன உமாவை, அந்த அம்மாவின் அண்ணன் மகள் என்றே நான் நினைத்திருந்தேன். மனுவைப் பைக்குள் திணித்துக்கொண்டு, அவர் கடைசியாக இருந்த அடி அண்ணாமலைக்கு ஆட்டோ பிடித்தேன்.

செங்கம் ரோட்டுப் பக்கம் எங்கள் வீட்டு மாடியில் ஒன்பது வருடம் குடியிருந்தவர். கறுப்பு வெள்ளைப் படங்களின் கதாநாயகி என்பது நம் தெருவில் உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை என் மகள் அழுதுகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சினிமாவுல அழுதா சம்பளம் குடுப்பாங்க. வீட்ல அழுதா தலைவலிதான் ஜாஸ்தி" என்றார். அவள் சிரித்துவிட்டாள்.

அவரைப் பற்றிய பழைய கதையும் உங்களுக்குத் தெரியும். சாத்தனூர் அணையில் படப்பிடிப்பு. கதாநாயகன் கதிரேசனுக்கு மனைவியும் கைக்குழந்தையும் உண்டு. இருந்தும் இவர்கள் காதலித்தார்கள். ஒரு மாலை நீலவேணியின் அறையில் பால் குடித்த கதிரேசன் அங்கேயே இறந்துபோனார். பாலில் விஷம். கதிரேசன் கல்யாணத்துக்கு மறுத்ததால் இவர்தான் கொன்றார் என்று பத்திரிகைகள் எழுதின. சாட்சி இல்லாமல் போலீஸ் விட்டுவிட்டது. பட உலகம் விடவில்லை. அதன்பின் யாரும் அவரை நடிக்கக் கூப்பிடவில்லை.

மூன்று வருடம் முன்பு யாரோ அதைத் தோண்டி யூடியூபில் போட்டார்கள். கொலைகாரியை வீட்டில் வைத்திருக்கிறாயே என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அன்று மத்தியானம் அவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரசம் ஊற்றும்போது கேட்டுவிட்டேன். "அவர நீங்கதான் கொன்னீங்களாம்மா?"

அவர் கை நின்றது. "இல்ல டீச்சர்" என்றார். முழுவதும் சாப்பிட்டு, ரசம் நன்றாக இருந்ததாகச் சொல்லிவிட்டு எழுந்தார். அடுத்த மாதம், படி ஏற முடியவில்லை என்று காரணம் சொல்லி அடி அண்ணாமலைக்குப் போய்விட்டார். காரணம் படி இல்லை என்று தெரிந்தும் நான் தடுக்கவில்லை. பௌர்ணமிதோறும் கிரிவலத்தில் அவர் வீட்டைத் தாண்டித்தான் நடந்தேன். ஒருமுறைகூட உள்ளே போகவில்லை.

தகனம் முடிந்தபின் உமா சொன்னார். உமாவே கதிரேசனின் மகள்; அன்றைய கைக்குழந்தை. "எங்கம்மா கூடப்பொறந்த மாமாதான் விஷத்தக் கலந்தாரு டீச்சர். அந்தம்மாவுக்குனு வச்ச பாலு. தொண்ட கட்டியிருந்ததுனு அவங்க குடிக்கல. அப்பா எடுத்துக் குடிச்சுட்டாரு."

உமாவின் தாய் சாகும்முன் மகளிடம் இதைச் சொல்லியிருக்கிறார். மன்னிப்புக் கேட்க உமா தேடி வந்தபோதுதான், மாமன் விடுதிச் சமையலறையிலிருந்து வெளியேறியதை நீலவேணி அம்மா அன்றே பார்த்திருந்தார் என்பது தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று உமா கேட்டாராம்.

"உங்கம்மா வாழ்க்கைய பாதி நான் கெடுத்தேன். உங்க மாமாவயும் ஜெயிலுக்கு அனுப்பிட்டா, உன்ன வச்சிக்கிட்டு அவங்க எங்க போவாங்க?"

மாமனும் இப்போது இல்லை. உமாவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் இதையும் படிக்க வேண்டும்.

உமா இன்னொன்றும் சொன்னார். தான் டவுனுக்குப் புறப்படும்போதெல்லாம் அந்த அம்மா, "டீச்சர் முட்டி வலி எப்டி இருக்குனு பாத்துட்டு வா" என்பாராம். உமாதான் தயங்கி வராமல் இருந்திருக்கிறார். நீலவேணி அம்மாவுடையதாக என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த விசாரிப்பு ஒன்றுதான். வலி இப்போது கம்மியாகத்தான் இருக்கிறது. நானே நடந்து போய்ச் சொல்லியிருக்கலாம்.