மலையை இடப்பக்கம் விட்டுப் பறந்த ட்ரோன்

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். வாடகை கேமராவில் கல்யாண வீடியோ எடுத்தேன். கிரேன் கேமராவை நானே வெல்டிங் வைத்துக் கட்டினேன். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லைகளில் ட்ரோனால் மருந்தடித்துக் காட்டிய முதல் ஆள் நான்தான். "ஏபிசிடி தெரியாதவன் ஏரோப்ளேன் விடறானாம்" என்று சிரித்தவர்கள் இப்போது மகனுக்கு என்னிடம் வேலை கேட்கிறார்கள்.

அப்படி வளர்த்த என் ட்ரோன் கம்பெனி ஒரே கடிதத்தில் ஆட்டம் கண்டது. பறக்கத் தடையுள்ள கோயில், மலை வானத்தில் எங்கள் ட்ரோன் பறந்ததாக விமானத்துறை விசாரணை. தப்பு உறுதியானால் லைசென்ஸ் ரத்து. விசாரணை முடியும்வரை எல்லாம் ரகசியம். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிடுவார்கள்.

செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட்ஹவுஸ் அறை. பட்டப்பகலிலும் ஜன்னல் சாத்தியிருந்தது. நான் உள்ளே போக, என் பைலட் சம்பத் வெளியே வந்தான். தெரியாதவன் போல என்னைத் தாண்டிப் போனான்.

"வீட்ல என்ன சொல்லிட்டு வந்தீங்க?" என்றார் அதிகாரியம்மா.

"பல்லு புடுங்கப் போறேன்னு சொன்னேம்மா."

அவர் சிரிக்கவில்லை. லேப்டாப்பைத் திருப்பினார். மலையைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு. "இந்த ட்ரோன் நம்பர் உங்களோடதுதானே?"

நம்பரைப் படித்ததும் தெரிந்துவிட்டது. போன வருடம் அடி அண்ணாமலை பக்கம் மலையில் விழுந்து, தேடியும் கிடைக்காத ட்ரோன் அது. "விழுந்ததை ஏன் சொல்லல?" என்றார். சொல்லவேண்டும் என்று தெரியாது. என் தப்பு அதுதான்.

"எங்கிருந்து கெளம்பிச்சும்மா?"

கோட்டின் தொடக்கத்தைப் பெரிதாக்கினார். ட்ரோன் விழுந்ததாகக் கடைசி சிக்னல் காட்டிய அதே பள்ளம். ஆள் இறங்க முடியாத இடம்.

பிறகுதான் கவனித்தேன். "அம்மா, இது இடமாச் சுத்துது. மலை எடது கைப்பக்கம் இருக்கு. வலமா கிரிவலம் போற எங்க ஊர்ல எவனும் இப்படி ஓட்டமாட்டான், குடிச்சிருந்தாலும். எங்க ட்ரோனுங்க பறந்த பழைய பதிவெல்லாம் எடுத்துப் பாருங்க."

எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தார். தடைக்கு வெளியே தள்ளிப் பறந்த ஒவ்வொன்றிலும் மலை வலப்பக்கம்தான்.

"அப்ப இதை ஓட்டனது யாரு?" என்றார், மெதுவாக.

வெளியே வெயில் கொளுத்தியது, எனக்குக் குளிர்ந்தது. அடுத்த சில வாரங்கள் சம்பத்தும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். "கொழம்பு தள்ளுங்கண்ணே" என்பதைத் தவிர அவன் பேசவில்லை. வானில் ஏதாவது இரைந்தால் இருவருமே நிமிர்ந்து பார்ப்போம்.

அதை ஓட்டியது நாங்கள் இல்லை என்று முடிவு வந்தது. ரகசியமும் அதோடு முடிந்தது என்று கடிதத்திலேயே இருப்பதால் எழுதுகிறேன். ட்ரோன் தொழிலுக்கு வருகிறவர்களே, தொலைந்த மெஷினை அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பெயரில் எது பறக்கிறதென்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

அந்த முடிவில் "பறந்த திசை ஆய்வில் கண்டறியப்பட்டது" என்று ஒரு வரி. யார் கண்டறிந்தது? அத்தனை படித்தவர்கள் பார்த்த கோட்டில் திசையைப் பார்த்தவன் நான். துறைக்கு மனு போட்டிருக்கிறேன்: அந்த வரியில் என் பெயரைச் சேர்க்கவேண்டும், இனிஷியலோடு.