முதலாளி லைக் போட்ட திருட்டு

உங்கள் இரண்டு பேருக்காகவும் இதை எழுதுகிறேன். அக்கா இந்த வருடம் வேலைக்கு விண்ணப்பம் போடப் போகிறாள், தம்பி அடுத்த வருடம். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் தப்பிருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். அப்பா ஃபேஸ்புக்கில் திருடன் ஆன கதையை நீங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறீர்கள். பாதிக் கதைதான் சொல்கிறீர்கள்.

பீங்கான் எஸ்டேட்டில் எங்கள் பட்டறை சின்னது. மீட்டர் பலகையில் வெள்ளையாக இருக்குமே பியூஸ் கட்டை, அதுதான் எங்கள் சரக்கு. நானும் உங்கள் மாமாவும் ஒரு ஜோடி. காய்ந்த சரக்கை அவன் பலகையில் எடுத்து நீட்டுவான், நான் வாங்கிச் சூளைக்குள் அடுக்குவேன். நெருக்கி அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தள்ளி அடுக்கினால் இடம் வீண். அவன் நீட்டுகிற வேகத்துக்கு என் கை பழகியிருந்தது, என் கைக்கு அவன் கண் பழகியிருந்தது.

ஒரு நாள் சூளை திறந்தபோது ஒரு கட்டையில்கூட விரிசல் இல்லை. அப்படி வருவது அபூர்வம். முதலாளியே வாயைப் பிளந்துவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் சரக்குக்கு முன்னால் நின்று படம் எடுத்தோம். அக்கா திறந்து கொடுத்த கணக்கில் நானே ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டிப் போட்டேன்:

“முதலாளி அசந்துட்டாரு. நானும் மச்சானும் ரெண்டாயிரம் பியூஸ் கட்டை சுட்டோம். ஒரு சேதாரமும் இல்ல.”

மாமாவும் அதையே தன் கணக்கில் போட்டான். என் பதிவுக்கு முதலில் லைக் போட்டவர் முதலாளி. எங்களோடு முன்பு வேலை பார்த்த மங்கலம்பேட்டை பாய், இப்போது குவைத்தில் இருக்கிறார், “எனக்கும் ரெண்டு எடுத்து வைங்கப்பா” என்று கீழே எழுதினார். எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

அதற்குப் பிறகுதான் எஸ்டேட்டுக்கு அந்தப் பக்கம் வாஷ்பேசின் செய்கிற பெரிய கம்பெனி வந்தது. சூளைக்கு ஆள் எடுத்தார்கள். நிரந்தர வேலை, இ.எஸ்.ஐ. அட்டை உண்டு. உங்கள் அம்மா மாடிப்படி ஏற முடியாமல் ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து எழுந்த காலம் அது. முழங்காலுக்கு ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அட்டை இருந்தால் ஆபரேஷன் இலவசம். அந்த அட்டை எனக்கு வேண்டும். நானும் மாமாவும் சேர்ந்தே விண்ணப்பம் போட்டோம்.

கேள்வி கேட்க வந்தவர் கம்பெனி ஆள் இல்லை. ஆட்களின் நடத்தையை இன்டர்நெட்டில் பார்த்துச் சொல்வதற்கென்றே ஓர் ஏஜென்சி சென்னையில் இருக்கிறதாம், அங்கிருந்து வந்த மேடம். மரியாதையான பெண். அவர் கையில் இருந்த தாளில் என் வேலை ‘ஃபர்னஸ் ஆபரேட்டர்’ என்று இருந்தது. செல்லில் என் படத்தைக் காட்டினார்.

“சார், இது நீங்கதானே?”

“ஆமா மேடம்.”

“கூட இருக்கறவரு?”

“என் மச்சான். அடுத்து அவருதான் உள்ள வரப்போறாரு.”

அவர் எதையோ எழுதினார். “அடிக்கடி சுடுவீங்களா?”

“வாரத்துக்கு ரெண்டு தபா மேடம். முன்னாடி நாலு தபா சுட்டுக்கிட்டிருந்தோம், இப்ப ஆர்டரு கம்மி.”

“ஆர்டர் எடுத்துச் சுடுவீங்களா?”

“ஆர்டரு இல்லாம சுட்டுட்டு எங்க மேடம் கொண்டுபோயி விக்கிறது?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “பயமா இல்லையா சார்?”

“ஆரம்பத்துல கையி நடுங்கும். இருவது வருசமா சுடறேன், பழகிடுச்சு. எங்கப்பாவும் இதே எஸ்டேட்டுலதான் சுட்டுக்கிட்டிருந்தாரு.”

“இவ்ளோ வெளிப்படையா யாரும் சொன்னதில்ல சார்” என்றார். நான் வீட்டுக்கு வந்து, “அந்த அம்மா என் அனுபவத்தைக் கேட்டு ஆடிப்போயிட்டாங்க” என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அன்று வீட்டில் கேசரி.

நாலாம் நாள் இரண்டு பேர் செல்லுக்கும் ஒரே செய்தி. சமூக வலைதளப் பதிவுகளின் அடிப்படையில் நாங்கள் தகுதியில்லாதவர்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காதான் பதிவைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி தரையில் உட்கார்ந்தாள்.

“அப்பா, மெட்ராசுல சுட்டோம்னா திருடுனோம்னு அர்த்தம்ப்பா!”

“சூளையில சுடாம வேற எங்கடி சுடுவாங்க?”

“நீ முதலாளி அசந்துட்டாருன்னு வேற போட்டிருக்க. அவரு தூங்கற நேரமா பாத்து நீயும் மாமாவும் தூக்கிட்டீங்க. ஒடையாம வேற கொண்டாந்துட்டீங்க!”

நீங்கள் சொல்லும் கதை இங்கே முடிந்துவிடுகிறது. எனக்கு இங்கேதான் ஆரம்பித்தது.

மறுநாள் அந்தக் கம்பெனி மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். அவர் இந்த ஊரிலேயே செராமிக் படித்தவர். பதிவைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரிக்கிற மனிதர் வேலை கொடுத்துவிடுவார் என்று நம்பி நானும் சிரித்தேன்.

“எல்லாம் சரிதாங்க, ஆனா ஏஜென்சி ரிப்போர்ட்டுல நேர்மைக்கு நேரா செவப்பு வந்துடுச்சே” என்றார்.

“சார், எங்க முதலாளியே லைக் போட்டிருக்காரு. திருடு குடுத்தவரு லைக் போடுவாரா?”

“அதையும் பாத்திருக்காங்க. முதலாளியும் உடந்தைன்னு எழுதியிருக்காங்க.”

சிவப்பை மாற்ற அவரால் முடியாதாம், ஏஜென்சியால்தான் முடியும். அந்தப் பதிவை அழித்துவிட்டு ஒரு மாதம் நல்ல பதிவுகளாகப் போட்டால் மறுபடி பார்ப்பார்களாம். சூளை ஒன்றை அடுக்கிக் காட்டட்டுமா என்று கேட்டேன். அதற்கு அவர்கள் ஃபாரத்தில் கட்டம் இல்லை.

உங்கள் மாமா ஒத்துக்கொள்ளவில்லை.

“அழிச்சா திருடுனது நெசம்னு ஆயிடும் மாமா. நான் ஏன் அழிக்கணும்?”

“அட்டை வேணும் மாப்ள. உங்க அக்கா முட்டிய நெனச்சுப் பாரு.”

“நீங்க அழிங்க. எங்கக்காவுக்காவ நான் ஒண்ணும் சொல்லல. என்னை விட்டுடுங்க.”

என் ஃபேஸ்புக் பக்கத்தில் இருந்ததை அழித்தேன். அவன் பக்கத்தில் அதே படம், அதே எழுத்து, இன்றும் இருக்கிறது.

ஒரு மாதம் நான் நல்லவனாக இருந்தேன். காலையில் ஒரு ரோஜாப்பூ, இனிய காலை வணக்கம். மத்தியானம் நேர்மையைப் பற்றி ஒரு வாசகம். அதன் பின்னால் எதற்கென்று தெரியாமல் ஒரு சிங்கம் நிற்கும். சாயங்காலம் உழைப்பைப் பற்றி, சூரியனோடு. மாமா டீக்கடையில் எல்லோர் எதிரிலும், “வாங்க ரோசாப்பூ, இன்னிக்கு சிங்கம் சாப்ட்டுச்சா?” என்பான். அந்தப் படங்களில் ஒன்றுகூட நான் செய்ததில்லை, ஒரு வரிகூட நான் எழுதியதில்லை. பள்ளிக்கூட நண்பர்கள் குரூப்பிலிருந்தும், தெருக்காரர்கள் குரூப்பிலிருந்தும் கேட்காமல் எடுத்தவை. என் வாழ்க்கையில் நான் உண்மையிலேயே சுட்டது அந்த ஒரு மாதம்தான். மாதக் கடைசியில் நேர்மைக்கு நேராகப் பச்சை வந்தது.

வேலையில் சேர்ந்தேன். அட்டை வந்தது, ஆபரேஷனும் ஆனது. அம்மா இப்போது துணி காயப்போட மாடிக்குத் தானே போகிறாள். ஆகவே நான் செய்தது தப்பென்று என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. சரியென்றும் சொல்ல வாய் வரவில்லை.

எனக்கு ஜோடியாக ஒருவரைக் கொடுத்தார்கள். எல்லாக் கட்டத்திலும் பச்சை வாங்கியவர். அவர் பக்கத்தைப் பார்த்தேன். என்னிடம் இருந்த அதே சிங்கம். நல்ல மனிதர்தான், குறை சொல்லக்கூடாது. ஆனால் இதற்கு முன் சூளைப் பக்கமே வந்ததில்லை. பேசின்களை அவர் நெருக்கி நெருக்கி வைத்ததில் முதல் வாரமே ஒரு வரிசை முழுக்க ஒட்டிக்கொண்டு வந்தது.

மாதங்கள் போயும் அது சரியாகவில்லை. போன வாரம் மேனேஜரிடம் போய் நின்றேன். “சார், என் மச்சானை எடுங்க. அவன் இல்லாம இந்தச் சூளை சரியா வராது.”

“அவருக்கு இன்னும் செவப்புதானே இருக்குது?”

“அவன் கையைப் பாருங்க சார், செல்லைப் பாக்காதீங்க.”

அவர் கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடினார். பிறகு குரலை இறக்கினார். “நிரந்தரத்துல எடுக்க முடியாதுங்க. தினக்கூலியா வேணா வரச் சொல்லுங்க. தினக்கூலிக்கு ஏஜென்சி பாக்கறதில்ல.”

அதே சூளை, அதே சரக்கு, அதே கேட். மாதச் சம்பளம் என்றால் அவன் திருடன், நாள் சம்பளம் என்றால் இல்லை. இதை எப்படி அவனிடம் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். டீக்கடையில் வைத்துச் சொன்னேன். அன்று அவன் கிண்டல் எதுவும் பேசவில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு, “எத்தன மணிக்கி வரணும் மாமா?” என்று மட்டும் கேட்டான்.

நீங்களும் ஒரு நாள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரலாம். எதிரில் இருக்கிறவர் எழுதியதில் ஏதாவது தப்பாகத் தெரிந்தால், “இப்படின்னா என்னங்க?” என்று அவரிடமே ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த மேடம் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்டார்.

திங்கட்கிழமை மாமா வருகிறான். என் சட்டையில் கம்பெனி பெயர் தைத்திருக்கும், அவன் வெறும் பனியனோடு நிற்பான். பலகையை நீட்டுவான். நான் அவன் முகத்தைப் பார்க்காமல்தான் வாங்குவேன் என்று நினைக்கிறேன்.