பழுகாமத்து வட்டையில் ஒரு சிறு விமானம்

பக்கத்து வீட்டில் யாரோ அயன்பெட்டியை அதிகச் சூட்டில் வைத்துவிட்டார்கள். சட்டையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் படம் ஏதோ சுருங்கியிருக்க வேண்டும். இனிப்பும் இல்லாத, கருகலும் இல்லாத அந்த மணம் வேலி தாண்டி வந்தது. எழுதிக்கொண்டிருந்த வரியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். முற்றத்துக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன்.

"என்ன, எதையும் துலைச்சிற்றீங்களா?" என்றாள் மனைவி.

ஓம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அந்த மணத்துக்குள் அக்காவின் வீட்டு நடு அறை இருந்தது. அறைக்குள் நீளமான சாப்பாட்டு மேசை, மேசைமேல் மஞ்சள் நிறத்தில் ஒரு விமானச் செட்டை, அந்த இறக்கைமேல் குனிந்தபடி அத்தான்.

அத்தான் என் அக்காவின் கணவர். பாசிக்குடா ஹோட்டல்களில் ஏசி திருத்தும் வேலை செய்தவர். அங்கே ஒரு நாள் விருந்தினர் ஒருவர் கடலுக்கு மேலே சின்ன விமானம் ஒன்றை ரிமோட்டில் பறக்க விட்டதைப் பார்த்திருக்கிறார். பெற்றரியில் ஓடுவது, சத்தமே இல்லை, கொக்கு வட்டமடித்துக் கிறுகுகிற மாதிரிக் கிறுகியது என்று வீட்டுக்கு வந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அக்கா சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல இந்தக் குசினி ஃபேனைப் பறக்க விடுங்க. ஊருக்கெல்லாம் குளிர் குடுக்கிற மனிசன், நான் இஞ்ச வேகிறன்."

அவள் இருந்தவரை அந்த ஃபேன் ஓடவில்லை. மழை விடாத ஒரு கார்த்திகையில் நெஞ்சு அடைக்குது என்று சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தானாக நடந்து போனாள். திரும்பி வந்தபோது நடக்கவில்லை. சுடலைக்கு எடுத்துப் போன அடுத்த நாள், வீடு நிறையச் சனம் இருக்கும்போதே, அத்தான் கதிரை போட்டு ஏறி அந்த ஃபேனைத் திருத்தினார். யாரும் அவரை இறங்கச் சொல்லவில்லை. அது ஓடத் தொடங்கியதும் குசினிக்குள் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அழுதார்கள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு வளவு அவள் பெயருக்குப் போகும், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பான். குடி என்கிற வம்சமும் தாய்வழிதான். அக்கா, அவளுடைய ஒரே மகள், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போகிற நான், மூவரும் ஒரு குடி. அந்த வீட்டுக்கு ஓடு மாற்றியவர், கிணறு இறைத்தவர், தென்னம்பிள்ளை வைத்தவர், அவர் மட்டும் வேறு குடி. இதை நான் பிறந்ததிலிருந்து அறிவேன். நானும் என் மனைவியின் வீட்டில் இருப்பவன்தான். ஆனால் தண்ணீருக்குள் நிற்பவன் தண்ணீரைப் பற்றி யோசிக்கிறானா என்ன? அக்கா போன பிறகுதான் யோசித்தேன். அவள் இல்லாத அவளுடைய வீட்டில் அவர் இனி யார்?

ஆண்டுத்திவசம் முடித்து இலை எடுத்த பின்னேரம், கொழும்பிலிருந்து ஒரு நீளப் பெட்டி வந்து இறங்கியது. உள்ளே சின்ன விமானம் கட்டுவதற்கான பல்சா மரப் பலகைகள். ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். வைத்ததே தெரியவில்லை. மரம் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒரு காற்று.

"நெருப்புப்பெட்டி மரம்," என்றேன்.

"நெருப்புக்குச்சி இதவிடக் கனம், மச்சான்." பிறகு, பலகையைத் தடவிக்கொண்டே, நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னார்: "மகள்ர கலியாணம் முடியட்டும். இது ஒருக்காப் பறக்கட்டும். அதுக்கு மறுகா நான் பழுகாமத்துக்குப் போறன்."

பழுகாமம் அவர் பிறந்த ஊர். வாவிக்கு மேற்கே, படுவான்கரை என்கிற அக்கரையில். அங்கே அவருடைய தங்கையின் வளவில் ஒரு அறை சும்மா கிடந்தது. களுவாஞ்சிக்குடியால் போய்ப் பாலம் கடந்தால் அரை மணித்தியாலம். அரை மணித்தியாலத் தூரத்தை ஒரு மனிதன் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

மகள் குசினி வாசலில் நின்றாள். "என்னப்பா கதை இது?"

அவர் பலகையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அதன் நரம்பைப் பார்த்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போனேன். உதவி என்ற பெயரில் போனேன். வரைபடத்தை மேசையில் விரித்து, மேலே பொலித்தீன் போட்டு, அதன்மேல் மெல்லிய குச்சிகளைக் குண்டூசி குத்தி நிறுத்துவார். செட்டைக்கு விலா எலும்புகள்போல வரிசையாக வெட்டிய துண்டுகள். ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து, உப்புத்தாளால் ஒரு இழுப்பு, ஊதல், மறுபடி பார்வை. தூள் அவருடைய கைமயிரில், புருவத்தில், தேத்தண்ணீரில். பசைத்துளி விழும்போது எழும் ஆவி கண்ணைக் கரிக்கும். யார் அழுதாலும் அந்த மேசையில் காரணம் கேட்கத் தேவை இருக்கவில்லை.

எலும்புக்கூடு எழுந்ததும் போர்வை வேண்டும். சூடு காட்டினால் சுருங்கி இறுகும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் பெட்டியோடு வந்திருந்தது. ஆனால் ஒரு ஞாயிறு அவர் அலுமாரியிலிருந்து அக்காவின் சாறி ஒன்றை எடுத்து வந்தார். மஞ்சள், மெல்லியது, கோயிலுக்கு உடுப்பது. முந்தைய காலத்தில் பட்டுத் துணிதான் போர்த்தினார்களாம். சின்னத் தராசில் ஒரு முழத்தை மடித்து வைத்தார். அதே அளவு பிளாஸ்டிக் தாளையும் வைத்தார். எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கனம், மச்சான்," என்றார். "அவட சாமானெல்லாம் கனம்தான்." சிரித்தார். சாறியை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். வர நேரமாயிற்று. பிளாஸ்டிக்கிலும் மஞ்சள் இருந்ததால் மஞ்சளையே வெட்டினார்.

மார்கழி மழையில் காற்று முழுவதும் தண்ணீர். ஒரு செட்டை முறுகிப் போனது. அவர் கேத்தல் ஆவியில் பிடித்து, மெல்லத் திருப்பி, செங்கல் பாரம் வைத்து நேராக்கினார். ஞாயிறு பார்த்தால் மறுபடியும் முறுகியிருக்கும். நான் உச்சுக்கொட்டினேன். உள்ளுக்குள் மழைக்குக் கைகூப்பினேன்.

தையில் கலியாணம். மேசை சாப்பாட்டுக்கு வேண்டியிருந்ததால் விமானத்தின் கூடு அலுமாரிக்கு மேலே ஏறியது. வந்த சனம் அதைப் பார்த்தபடியே சாப்பிட்டது.

"வீடு வளவோட பிளேனும் குடுக்கிறாங்களாங்கா!" என்று ஒருத்தி சத்தமாகச் சொன்னாள்.

"மாப்பிள்ளை பறந்திராம இருந்தாச் சரி," என்றாள் மற்றவள்.

அத்தான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தார். பந்தலைப் பிரித்த அன்றே மேசையைத் துடைத்து விமானத்தை இறக்கினார்.

இதற்குப் பிறகுதான் வீட்டில் சாமான்கள் பழுதாகத் தொடங்கின. தாள் ஒட்ட அயன்பெட்டி கேட்டபோது மகள், "அது வேலை செய்யிதில்லப்பா, கடையில குடுக்கணும்," என்றாள். வாழ்நாளெல்லாம் மின்சாரச் சாமான் திருத்தியவரிடம் அப்படிச் சொன்னாள். அவர் அதை வாங்கி, பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே ஒரு வயர் ஒழுங்காக, நகம் படாமல், திருகி எடுக்கப்பட்டிருந்தது. அவர் அதைத் திரும்பப் பூட்டினார்.

"தானாக் கழண்டிருக்கு புள்ள. இப்பச் சரி."

"ஓம்," என்றாள். அவள் கையில் திருகாணி முறுக்கி இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை.

என் முறையும் வந்தது. மோட்டருக்குப் பூட்டும் விசிறி கூரியரில் வந்து டவுனில் கிடந்தது. எடுத்து வருவது என் பொறுப்பு. மழை என்றேன், கூட்டம் என்றேன், கடை பூட்டு என்றேன். அடுத்த ஞாயிறு அவர் கேட்டார், "மச்சான், பாசல் வந்து கிடக்காம். அவங்க எனக்குப் போன் எடுத்தவங்க. நீ எடுக்கல்லயா, எடுக்க மனமில்லயா?"

பொய் சொல்ல ஏலாமல் நேரே கேட்டேன். "அத்தான், ஆர் உங்களப் போகச் சொன்ன? மகள் சொன்னவளா? மருமகனா?"

"ஒருவரும் சொல்லல்ல. ஒருவரும் சொல்லாம இரிக்கக்குள்ளயே போகணும்."

"அவன் நல்ல பொடியன்."

"நல்ல பொடியன்தான். அதுதான் கரைச்சல்." உப்புத்தாளைக் கீழே வைத்தார். "கலியாணத்துக்கு அடுத்த நாள் காலம்பற, தேத்தண்ணிக் கோப்பையோட எங்க இரிக்கிற எண்டு தெரியாம நிண்டான். நான் இந்தக் கதிரையில இரிந்தன். நானும் ஒரு நாள் இதே இடத்தில கோப்பையோட நிண்டவன்தான். உங்கட அப்பா எழும்பி, 'இரி மகன்' எண்டவர். மறுகா அவரும் மாமியும் பின் வளவில சின்ன வீடு போட்டுக்கொண்டு போனாங்க, நினைவிரிக்கா?"

இருந்தது. நான் அப்போது சின்னவன். அம்மாவும் அப்பாவும் பானை சட்டியைக் காவிக்கொண்டு, சிரித்துப் பேசிக்கொண்டு, கிணற்றடி தாண்டிப் போனது ஒரு விளையாட்டுப்போல இருந்தது.

"அவங்க ரெண்டு பேர், மச்சான். எனக்கு ஆர் இரிக்கா பின் வளவுக்குப் போக?"

அடுத்த நாளே விசிறியை எடுத்துக் கொடுத்தேன்.

பங்குனியில் அறுவடை முடிந்தது. எங்கள் கரையில் எங்கு பார்த்தாலும் தென்னை, பறக்க விட இடமில்லை. பழுகாமத்தில் வெட்டிய வயல் காய்ந்து விரிந்து கிடந்தது. அந்த வயல்வெளியை ஊரார் அவர் தங்கையின் வட்டை என்பார்கள், அவர் மட்டும் "எங்கட வட்டை" என்றார். அந்த "எங்கட"வை நான் முதல் தடவையாகக் கேட்டேன்.

மருமகன் வேலைக்குப் போயிருந்தான். அவனுடைய ஓட்டோவை நான் ஓட்டினேன். பின்னால் அப்பாவும் மகளும். அவள் மடியில் செட்டை குறுக்கே கிடந்து இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பாலத்தில் ஏறும்போது காற்று அதைத் தூக்கப் பார்த்தது. அவள் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். கண்ணாடியில் பார்த்தேன். அவள் கண் செட்டையில் இல்லை, அவர் காலடியில் இருந்தது.

"அப்பா, இந்த பேக் என்னத்துக்கு?"

"உடுக்க ரெண்டு சாறன், புள்ள."

"ரெண்டு சாறனுக்கா இவ்வளவு?"

அவர் வாவியைப் பார்த்தார். நான் கியரை மாற்றினேன்.

வட்டையில் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா, செட்டையை ரப்பர் பட்டியால் உடலோடு கட்டுவதைப் பார்த்து நெருங்கி வந்தாள்.

"தம்பி, குண்டு கிண்டு போடாதே?"

"முட்டைதான் போடும் அக்கா," என்றார் அத்தான்.

சிரித்தாள். சிரித்தாலும் கொஞ்சம் தள்ளியே நின்றாள். வானத்தில் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடிய வயது எங்கள் எல்லோருக்கும் இருந்தது.

நான் விமானத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு காற்றுக்கு எதிரே ஓடினேன். அரிதாள் காலைக் குத்தியது, வரம்பில் ஒரு செருப்பு கழன்றது.

"விடு மச்சான்! விடு!"

விட்டேன். அது தாழ்ந்தது. அரிதாளைத் தொட்டுவிடும் என்று நினைத்தபோது மூக்கை நிமிர்த்தி ஏறியது. ஏறிக்கொண்டே போனது. வெயில் மஞ்சளுக்கு உள்ளே புகுந்து விலாக்கள் எல்லாம் தெரிந்தன. சத்தமே இல்லை. அத்தான் பார்வையை எடுக்காமல் முணுமுணுத்தார், "கிறுகு... கிறுகு... மெள்ள... அப்பிடித்தான்." அது கிறுகியது. கொக்குக் கூட்டமொன்று எழுந்து, அதைப் பார்த்துவிட்டு, பொருட்படுத்தாமல் மறுபடி வயலில் அமர்ந்தது.

மகள் என் அருகே வந்து நின்றாள். வானத்தைப் பார்த்தபடியே, எனக்கு மட்டும் கேட்க, "மாமா, விழுந்தா நல்லம்," என்றாள்.

நான் கழன்ற செருப்பை எடுத்துக் காலில் மாட்டினேன்.

"விழுந்தாத் திருப்பி ஒட்டணும்தானே. ஒட்டுறதுக்கு மேசை வேணும்தானே."

என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான ஒன்று விழ வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது அந்த ஒரு தடவைதான். நாங்கள் இரண்டு பேரும் முழு மனதோடு அதைக் கீழே இழுத்தோம். அது எங்கள் மனதுக்குக் கட்டுப்படவில்லை. அவர் மோட்டரை அணைத்தார். அது காற்றில் மிதந்து மிதந்து இறங்கி, வைக்கோல் பரந்து கிடந்த இடத்தில், குழந்தையைப் படுக்க வைக்கிறதுபோல வந்து படுத்தது. ஒரு குச்சி உடையவில்லை. வைக்கோல் அம்மா கைதட்டினாள். மகளும் தட்டினாள். தட்டித் தட்டி, அந்தக் கைகளாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அத்தான் போய் விமானத்தை எடுத்தார். திரும்பி வரும்போது அவர் முகத்தில் இருந்ததை மகிழ்ச்சி என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கு மேல் எனக்குச் சொல் தெரியவில்லை.

வட்டையிலிருந்து அவர் தங்கையின் வளவுக்குப் போனோம், அவள் தேத்தண்ணீர் தந்தாள். அறை ஏற்கனவே கூட்டி, பாய் விரிக்கப்பட்டிருந்தது. அவர் பையைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டு வெளியே வந்து நின்றார். விட்டுப்போகிறவர் அவர், ஆனால் போயிற்று வாறம் என்று நாங்கள்தான் சொல்ல வேண்டியிருந்தது. நான் சொன்னேன். 

மகள் வளவுக்குள் திரும்பிப் போனாள். மரத்தடியில் சாய்த்து வைத்திருந்த விமானத்தின் ரப்பர் பட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். உடலை அங்கேயே விட்டாள். செட்டையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து, ஓட்டோவில் ஏறி, மடியில் குறுக்கே வைத்துக்கொண்டாள். யாரையும் பார்க்கவில்லை.

அவருடைய தங்கை, "என்ன மகள், அத ஏன் கொண்டு போறாய்?" என்றாள்.

அத்தான் கையைக் காட்டி அவளை மறித்தார். ஓட்டோவின் ஓரம்வரை வந்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த செட்டையின் நுனியை விரலால் கொஞ்சம் உள்ளே தள்ளினார். அது உள்ளே போகாது என்று அவருக்குத் தெரியும். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"மெள்ளப் போ மச்சான். ரோட்டில பள்ளம் கிடக்கு, செட்டை அடிபட்டிரும்."