கைக்குக் கழிவு கிடையாது

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது பள்ளிக்கூடத்தோடு நின்றுபோயிற்று. வீட்டில் எல்லோரும் அவளை இடக்கு என்றுதான் கூப்பிட்டார்கள். இடது கைக்காரி என்பதால் வந்த பெயரா, எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசுவாளே அதனால் வந்ததா என்று கேட்டால், "ரெண்டும் ஒரே வியாதிதானே" என்பான் அவள் அண்ணன்.

வியாதி என்று நினைத்ததால் வைத்தியமும் பார்த்தார்கள். சாப்பிட உட்கார்ந்தால் இடது கையைத் தலை ரிப்பனால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவிடுவாள் அம்மா. முடிச்சுப் போடுகிற வேலை அண்ணனுக்கு. அவனும் சிரத்தையாகப் போடுவான். வகுப்பில் டீச்சர் மரஸ்கேலால் விரல் மொளியிலேயே அடிப்பாள். இத்தனைக்கும் கிடைத்த பலன் என்னவென்றால், அவள் வலது கையால் கோழி கிளறியது போல எழுதக் கற்றுக்கொண்டாள். மற்ற எல்லாவற்றையும் இடது கையாலேயே செய்தாள். கட்டியவர்களுக்குத்தான் கடைசியில் அலுத்துப்போயிற்று.

வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். காய்ந்து வருகிற படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் எதிரெதிராக நின்று மடிக்க வேண்டும். அவளோடு ஜோடி சேரப் புதிதாக வருகிறவர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். ஒரு வாரம் போனதும் அவளை விட்டு நகர மாட்டார்கள். எதிரே நிற்பவளின் வலது கை போகிற பக்கத்துக்கே இவளுடைய இடது கையும் வருவதால், விரிப்பு தானாக மடிந்து விழும். உலகத்தில் தன் கைக்கு மரியாதை கிடைத்த ஒரே இடம் அந்த ஈர வாசனை அடிக்கும் நீளமான கூடம்தான் என்று அவள் சொல்வாள்.

இசைப் பைத்தியம் பிடித்ததும் அங்கேதான். ஆஸ்பத்திரி ஊழியர் விழாவுக்கு ஒரு இசைக்குழு வந்திருந்தது. மேடை மேஜைக்கு விரிப்பு கொண்டுபோனவள், போன இடத்தில் பெரிய ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றுவிட்டாள். வயிற்றுக்குள் யாரோ கதவைத் தட்டுவது போல இருந்தது. தட்டியது எது என்று விசாரித்தாள். நாலு தந்தி உள்ள பேஸ் கிட்டார் என்றார்கள். நாற்பதை நெருங்குகிற வயதில் ஒரு பெண்பிள்ளைக்கு இது தேவையா என்று கேட்க அவளுக்குப் புருஷன் இல்லை. பிள்ளையும் இல்லை. கேட்க இருந்த ஒரே ஆள் அண்ணன். அவன் கேட்டான். அவள் காதில் வாங்கவில்லை.

புது வாத்தியம் வாங்க சலவைக்கூடத்துச் சம்பளம் எட்டாது. ஆகவே பழசு. பழசு தேடுவதில் அவள் விரைவிலேயே கில்லாடி ஆனாள். உலர்த்தும் இயந்திரம் ஓடுகிற நேரமெல்லாம் கையில் போன், போனில் விற்பனை விளம்பரங்கள். 'அவசர விற்பனை' என்று போட்டிருந்தால் அவசரமே இல்லை என்று அர்த்தம். 'வீட்டில் இடமில்லை' என்று போட்டிருந்தால் மனைவி திட்டுகிறாள், உடனே போனால் பாதி விலைக்குத் தருவான். 'ஒலி வரவில்லை' என்றால் பத்தில் பாதி ஃபியூஸ்தான் போயிருக்கும். இப்படி ஒரு மைக் ஸ்டாண்டும், ஊமை என்று ஒதுக்கப்பட்ட ஒரு சின்ன ஸ்பீக்கரும், முடிச்சு முடிச்சாகக் கேபிள்களும் அவளுடைய ஒற்றை அறைக்குள் வந்து சேர்ந்தன. கேட்ட விலையைக் கொடுத்து எதையாவது வாங்கிவிட்டால் அன்று அவளுக்குச் சோறு இறங்காது.

ஆனால் இடது கை பேஸ் மட்டும் சிக்கவே இல்லை. அதைச் செய்வதே குறைவு, விற்பது அதைவிடக் குறைவு. கடைசியில் சாதாரண வலது கை பேஸ் ஒன்றை வாங்கித் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை இடம் மாற்றிக் கட்டிக்கொண்டாள். தடித்த தந்திக்கு வெட்டிய பள்ளத்தில் மெல்லிய தந்தி ஆடியது, கிர்ரென்று இரைந்தது. அந்த இரைச்சலோடேயே இராப்பகலாகப் பழகி, கல்யாணங்களுக்கும் கம்பெனி விழாக்களுக்கும் வாசிக்கிற ஒரு குழுவில் சேர்ந்துவிட்டாள். குழுவை நடத்துகிறவர் கீபோர்டு வாசிக்கும் மாஸ்டர். நல்ல காது, நீளமான வாய்.

அந்தக் கிட்டாரின் ஆயுளை முடித்தது அண்ணன். அவன் வீடு மாற்றிக் கொடுக்கும் வேன் வைத்திருப்பவன். ஒரு நிகழ்ச்சி முடிந்து அவளை ஏற்றிக்கொண்டு வந்தவன், வழியில் யாருடைய அலமாரியையோ கூலிக்கு ஏற்றினான். அலமாரி சாய்ந்தது, கிட்டாரின் கழுத்து முறிந்தது. "அலமாரிக்கு ஒண்ணும் ஆகல" என்று அவன் சொன்னதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

பஸ் டிப்போ தொழிலாளர் விழா நெருங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டர் தன் வீட்டிலிருந்து ஒரு பேஸ் கொண்டுவந்து நீட்டினார். வலது கைக்கானது, பளபளவென்று இருந்தது.

"இதை வெச்சுக்கோம்மா. ஆனா திருப்பிக் கட்டாதே. எல்லா மனுஷங்க மாதிரியும் வாசி. முடியலைன்னா சொல்லு, வேற ஆள் ரெடியா இருக்கான்."

"இத்தனை நாளா வாசிச்சேனே மாஸ்டர், தாளம் தப்பிச்சா?"

"தப்பல. பார்க்க நல்லா இல்ல. பார்ட்டிக்காரங்க கேக்கறாங்க."

அவள் முயன்றுதான் பார்த்தாள். தெரிந்த பாட்டெல்லாம் விரல்களிலிருந்து உதிர்ந்துபோயிற்று. வலது கை தந்தியைத் தேடித் தேடித் தடவ, இடது கை என்ன செய்வதென்று தெரியாமல் விறைத்துக்கொண்டு நின்றது. நாற்காலியும் ரிப்பனும் நினைவுக்கு வந்து அவளுக்கு அழுகை முட்டியது. அழுகையை விடக் கோபம் அதிகமாக வந்தது. கிட்டாரைத் துடைத்து மாஸ்டரிடம் திருப்பிக் கொடுத்தாள். "விழாவுக்குள்ள என் கைக்கு ஒண்ணு கொண்டுவரேன்" என்றாள். கொண்டுவராவிட்டால் குழுவில் இடமில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

தேடல் வெறியாக மாறியது. அலமாரிப் பாவத்தைக் கழுவ அண்ணன் வேனோடு வந்தான். முதலில் ஒரு விளம்பரம், இடது கை பேஸ், படத்தில் தெளிவாக இருந்தது. நகரத்தின் அடுத்த மூலைக்குப் போய்க் கதவைத் தட்டினார்கள். விளம்பரம் போட்ட பையன் உள்ளேயிருந்து கொண்டுவந்தது சாதாரண வலது கைக் கிட்டார். அவன் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போனின் முன்பக்கக் கேமராவில் தன்னையே படம் எடுத்திருக்கிறான், படம் கண்ணாடி போல இடம் வலமாக விழுந்திருக்கிறது. தலைப்பக்கத்துக் கம்பெனி எழுத்து இடம் வலம் மாறியிருப்பதைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவசரத்தில் அவள் பார்க்கவில்லை. பழசு வாங்கப் பழகாதவன்கூட இந்தத் தப்பைச் செய்ய மாட்டான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அண்ணன் திரும்பி வரும் வழியெல்லாம் சிரித்தான்.

இரண்டாவது விளம்பரம் ஒரு பழைய சாமான் வியாபாரி போட்டது. காலி செய்கிற வீடுகளிலிருந்து மொத்தமாக எடுத்து விற்பவர். 'பேஸ் கிட்டார். ஒரு குறை உண்டு. நேரில் பார்க்கவும்.' படமே இல்லை. அவள் போன் போட்டாள்.

"என்னங்க குறை?"

"எப்படிச் சொல்றது... தலைகீழா செஞ்சு வெச்சிருக்காங்கம்மா. கம்பெனியில ஏதோ தப்பு நடந்திருக்கு. அதான் விலையைக் குறைச்சுப் போட்டிருக்கேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "வரேன், வேற யாருக்கும் குடுத்துடாதீங்க" என்று மட்டும் சொல்லி வைத்தாள். வைத்த கையோடு சலவைக்கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினாள் என்று மடிப்பு ஜோடிக்காரி சொல்கிறாள்.

வியாபாரியின் கிடங்கு மெத்தைகளும் தொலைக்காட்சிப் பெட்டிகளும் அடைந்த தகரக் கொட்டகை. கிட்டார் ஒரு குளிர்சாதனப் பெட்டிமேல் கிடந்தது. அழுக்கு, இரண்டு தந்தி துருப்பிடித்திருந்தது. ஆனால் கழுத்து நேராக இருந்தது, பள்ளங்கள் சரியான வரிசையில் இருந்தன. மாட்டிப் பார்த்தாள். இடது கை தானாகத் தந்திமேல் போய் உட்கார்ந்தது. இதுவரை எந்தக் கருவியும், ஒரு கத்தரிக்கோல்கூட, அவளுக்காகச் செய்யப்பட்டதில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அண்ணன் அவள் காலை மிதித்தான். வாங்கப் போகிற பொருளைப் பார்த்துக் கண் கலங்கினால் விலை ஏறும் என்பது அவள் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அவனே பேரத்தில் இறங்கினான்.

"இதை யாருங்க வாங்குவா? நொட்டாங்கை ஆளுக்குத்தான் ஆகும். ஊருக்கு ஒண்ணு இருக்கும், அதுவும் உருப்படாததா இருக்கும்."

வியாபாரி சிரித்துவிட்டார். "அதுக்குத்தான் ஏற்கெனவே கழிச்சுப் போட்டிருக்கேன்."

"பத்தாதுங்க. காலு இல்லாத நாற்காலியை என்ன விலைக்குக் குடுப்பீங்க? இதுவும் அந்தக் கதைதானே."

"சரி, இன்னும் கொஞ்சம் கழிச்சுக்கோங்க." அவர் தாராளமானார். "எங்க வீட்லயும் ஒண்ணு இருந்துச்சுங்க, என் சின்னப் பொண்ணு. எதை எடுத்தாலும் நொட்டாங்கை. கொஞ்ச நாள் கையைக் கட்டிப் போட்டோம், சரியாயிடுச்சு. இப்பச் சோத்துக்கையாலதான் எல்லாம்."

"கட்டினாத்தான் சரியாகும்" என்றான் அண்ணன், அனுபவஸ்தனாக. "இன்னும் கொஞ்சம் கழிங்க."

விலை இறங்கிக்கொண்டே போயிற்று. அவள் வாழ்க்கையில் இப்படி ஒரு பேரம் படிந்ததில்லை. வாயைத் திறக்காமல் நின்றால் போதும், மிச்சப் பணத்தில் நல்ல ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் வாங்கிவிடலாம். அவள் நின்றுதான் பார்த்தாள். முகம் தெரியாத அந்தச் சின்னப் பெண் மனதுக்குள் குறுக்கே வந்து நின்றுகொண்டாள்.

"போதும் அண்ணே, நிறுத்து" என்றாள். பிறகு வியாபாரியைப் பார்த்து, "இதே கிட்டார் குறை இல்லாம இருந்தா என்ன விலை சொல்லுவீங்க?"

அவர் குழம்பிப்போய் ஒரு விலை சொன்னார். விளம்பரத்தில் இருந்ததைவிட வெகு அதிகம்.

"அதையே வாங்கிக்கோங்க."

"ஏய்!" என்றான் அண்ணன்.

"இது கம்பெனித் தப்பு இல்லீங்க. இடது கைக்குன்னே தனியா வரைஞ்சு, தனியா அறுத்துச் செஞ்சது. தெரிஞ்சுதான் செஞ்சிருக்காங்க. உங்க பொண்ணும் கம்பெனித் தப்பு கிடையாது. வீட்டுக்குப் போய் அவகிட்ட சொல்லுங்க."

வியாபாரிக்கு என்ன புரிந்ததோ தெரியாது, பணத்தை வாங்கிக்கொண்டு விழித்தார். அவள் துருப்பிடித்த தந்தியிலேயே விழாப் பாட்டின் முதல் அடியை வாசித்துக் காட்டினாள். ஸ்பீக்கர் இல்லாத பேஸில் சத்தம் எங்கே கேட்கும்? பக்கத்தில் வந்து குனிந்தால்தான் கேட்கும். அவர் குனிந்து கேட்டார்.

வேனில் ஏறியதும் அண்ணன் பொரிந்து தள்ளினான். "புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? அவனா முன்வந்து கழிவு குடுக்கறான், வேண்டாங்கற! நான் தொண்டைத்தண்ணி வத்தப் பேசினதெல்லாம் எதுக்கு?"

"அவர் கழிச்சது கிட்டாருக்கு இல்ல அண்ணே, என் கைக்கு. கிட்டாரைக் கழி, துரு இருக்கு, அழுக்கு இருக்குன்னு கழி, கூடச் சேர்ந்து நானும் பேசுவேன். என் கைக்குக் கழிவு கிடையாது."

அவன் வண்டியைக் கிளப்பினான்.

ஒத்திகை அறையில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். பழசு வாங்கி வந்தால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "எவ்வளவுக்கு அடிச்சே?" என்றார் மாஸ்டர். அவள் விலையைச் சொன்னாள். இவளா இப்படி ஏமாந்தாள் என்று அறையே சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டுத் தந்திகளை மாற்றி, கேபிளைச் செருகி, சுருதி சேர்த்தாள். ஒரு தட்டுத் தட்டினாள். கிர்ரென்ற இரைச்சல் இல்லாத சுத்தமான ஓசை தரையில் இறங்கியது. சிரிப்பு அடங்கிற்று.

மாஸ்டர் தலையாட்டினார். "சத்தம் நல்லாத்தான் இருக்கு. ஆனா உன் கிட்டார் எதிர்ப்பக்கமா நீட்டிக்கிட்டு நிக்குது பாரு, என் மேல இடிக்கும். அந்த ஓரமா, ஸ்பீக்கருக்குப் பின்னால நின்னுக்கோ."

அவள் நின்ற இடத்திலேயே கிட்டார் பட்டையை இன்னொரு முறை இறுக்கிக்கொண்டாள்.

"இடிச்சா நீங்க தள்ளி நில்லுங்க மாஸ்டர்."

மாஸ்டர் அவளைப் பார்த்தார், கிட்டாரைப் பார்த்தார். பிறகு கீபோர்டு ஸ்டாண்டை இரண்டு கையாலும் தூக்கி அந்தப் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, "ம், ஆரம்பி" என்றார்.