மைதீன் இடம் மாற்றிய கம்பி

வியாழக்கிழமை மத்தியானம் பாளையங்கோட்டைக் கோர்ட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு வாய்க்கால் தகராறுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தேன். கோர்ட்டுச் சேவகன் வந்து, "அண்ணாச்சி, சேதி தெரியுமா? அந்தப் பெட்ரோல் திருடின டிரைவர் மைதீன் காய்ச்சல்ல போயிட்டானாம்," என்றான். கையிலிருந்த மைக்கூட்டை அப்படியே வீசினேன். அது அவன் தலைப்பாகையைத் தட்டிக்கொண்டு போய்ச் சுவரில் உடைந்தது. அந்தக் கறை ஆள் உயரம் இருக்கிறது. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம்.

மேலப்பாளையத்தில் அடக்கத்துக்குப் போனால் அங்கே அதைவிட மோசம். மைதீனிடம் லாரியை ஒப்படைத்திருந்த அரிசி ஆலை முதலாளி, பள்ளிவாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, "நல்லா ஓட்டுவான், கைதான் கொஞ்சம் நீளம்," என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதுவா துக்கம் விசாரிக்கிற லட்சணம்? மைதீனைத் தெரிந்தவர்களே, அந்த நாலு பேரில் நீங்களும் ஒருவராக நின்று தலையாட்டியிருந்தால் இதைக் கடைசிவரை படியுங்கள்.

மைதீன் கொழும்பில் மோட்டார் ஷெட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அம்பாசமுத்திரம் ரோட்டில் எண்பது மூட்டை அரிசியோடு அவர் வண்டியை விட்டால், பக்கத்தில் உட்கார்ந்து நான் ஒரு பக்கம் முழுக்க இங்கிலீஷில் மனு எழுதி முடிப்பேன். ஓர் எழுத்து கோணாது. கலெக்டர் துரையே அந்த மனுவைப் பார்த்து, இது அச்சா கையெழுத்தா என்று கேட்டார். "வண்டி பேசுதத முதல்ல கேளும் அண்ணாச்சி, முள்ளு பேசுதத பெறவு பாத்துக்கிடலாம்," என்பார் மைதீன். அவர் வாழ்க்கையைக் கெடுத்ததே ஒரு முள்தான்.

சொல்லுகிறேன். அந்த லாரி, சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார இஞ்சினியரிடம் முதலாளி வாங்கியது. துரை தன் கையாலேயே அதில் ஒரு விசித்திரம் செய்து வைத்திருந்தார். பெட்ரோல் தொட்டிக்குள் ஒரு மிதவை, அதிலிருந்து மின்சாரக் கம்பி, டிரைவருக்கு எதிரே பலகையில் ஒரு முள். தொட்டியில் எவ்வளவு கிடக்கிறது என்று முள் காட்டும். கவர்னர் வண்டியில்கூட அப்படி ஒன்று கிடையாது. வண்டி ஊர் வந்து சேர்ந்தபோது முள்ளுக்கான கம்பி ஒன்று அறுந்து தொங்கியது. அதை 'எர்த்'தில் சேர்க்க வேண்டும் என்று துரை விட்டுப்போன காகிதத்தில் இருந்தது. முதலாளி அதைப் படித்தவர் ஒருவரிடம் காட்டினார். எர்த் என்றால் மண் என்றார் அவர். தந்தி ஆபீஸில் கம்பியை மண்ணில் புதைக்கிறார்களே, அதேதான் என்று விளக்கமும் சொன்னார்.

குறுக்குத்துறை ஆற்று மண்ணை ஒரு பித்தளைச் செம்பில் ஈரமாக அடைத்து, கம்பியை அதில் செருகி, செம்பை வண்டிக்குள் டிரைவர் காலடியில் இரும்புச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். முள் எழுந்தது! முதலாளி வீட்டம்மாள் செம்புக்குக் குங்குமம் வைத்து மஞ்சள் துணி சுற்றினார். தினமும் காலையில் அதற்கு ஒரு கை தண்ணீர். அப்புறம்தான் வண்டி கிளம்பும்.

மைதீன் அதற்கப்புறம் வேலைக்கு வந்தவர். மஞ்சள் துணியையும் குங்குமத்தையும் பார்த்துவிட்டு, இது சாமி செம்பு, நாம் தொடக் கூடாது என்று காலைக்கூட ஒதுக்கி வைத்து ஓட்டினார். இஞ்சின் சூட்டில் மண் காயக் காய மின்சாரம் ஓடாமல் முள் இறங்கும். சேரன்மகாதேவியில் பாதி. திரும்பி வரும்போது பூஜ்யம்.

"ஏலே மைதீனு, பெட்ரோலை எங்கனலே வித்த?"

"தொட்டியில குச்சி விட்டுப் பாரும் முதலாளி, கெடக்கு."

"குச்சி ஒன் குச்சி. முள்ளு வெள்ளைக்காரன் முள்ளு. அது பொய் சொல்லுமோ?"

மறுநாள் காலையில் தண்ணீர் விட்டதும் முள் ஏறிவிடும். "பாத்தீரா, பயந்துபோய்த் திருப்பி ஊத்தியிருக்கான்," என்பார் முதலாளி. மூன்று மாதம் இந்தக் கூத்து.

ஒருநாள் நானும் வண்டியில் இருந்தேன். அம்பாசமுத்திரத்தில் மருத மரத்தடியில் நிறுத்தி, வண்டியில் இருந்தபடியே தண்ணீர் குடிக்கையில் என் கை தவறிச் செம்புக்குள் கொட்டிவிட்டது. முள் விருட்டென்று ஏறியது. மைதீன் என்னைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது சாமி செம்பு இல்லையா?"

செம்பு வந்த கதையைச் சொன்னேன். அவர் கம்பியை மண்ணிலிருந்து உருவினார். பலகையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் பெயின்ட்டைக் கத்தியால் வெள்ளை இரும்பு தெரியுமட்டும் சுரண்டினார். அங்கிருந்த போல்ட்டைத் தளர்த்தி, கம்பியைச் சுற்றி, நட்டைப் பைய முறுக்கினார். முள் ஏறிய இடத்திலேயே நின்றது. "எர்த்துன்னா இந்த வண்டியோட இரும்பு ஒடம்புதான். மண்ணுன்னு எந்தக் கூறுகெட்டவன்வே சொன்னான்?" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. சொன்னவன் நான்தான்.

அவர் சிரிப்பு நின்றது. நட்டை ஒரு தரம் துடைத்தார். பிறகு, "இங்கிலீஷு தெரியும்னுதான ஒவ்வொருத்தனும் ஒம்மகிட்ட மனுவுக்கு வாரான். இது வெளிய தெரிஞ்சா எவன் வருவான்? விடும்," என்றார்.

சாயங்காலம் முதலாளி, "கம்பியை ஏம்லே மாத்துன?" என்று பாய்ந்தார். "லூசா இருந்துச்சு," என்றார் மைதீன். அவ்வளவுதான். "திருட்டு தெரிஞ்சிரும்னு முள்ளைக் கட்டிப் போட்டுட்டான் களவாணிப் பய!" என்று ஆலையே கேட்கக் கத்தினார் முதலாளி. வேலை போயிற்று. அதற்கப்புறம் இந்த ஜில்லாவில் ஒருத்தனும் அவரை நம்பி ஒரு மோட்டாரைக் கொடுக்கவில்லை. சாகிறவரை மாட்டு வண்டி ஓட்டினார், கொழும்பு பார்த்த மனிதர்! அன்றைக்கு முதலாளிக்குப் பக்கத்தில்தான் நின்றேன். கலெக்டரிடம் வாயடிக்கிற இந்த வாய் திறக்கவில்லை. முதலாளி மேல் எனக்கு வருகிற கோபத்தில் பாதி என்னிடமே திரும்பி வருகிறது.

முதலாளி அவர்களே, உங்கள் வண்டியில் களவு போனது பெட்ரோல் இல்லை, மைதீன் பேர். மைதீன் மனைவியிடமும் நேற்றே என் தப்பைச் சொல்லிவிட்டேன். அந்தம்மாள் முக்காட்டை இழுத்துக்கொண்டு, "அவுஹ அப்பவே எங்கிட்டச் சொல்லிட்டாஹ," என்றார்.

மைதீனிடமிருந்து நான் வைத்திருப்பது இங்கிலீஷ் தெரிந்தவன் என்கிற என் பேர். தன் பேரைக் கெடுத்துக்கொண்டு அவர் காப்பாற்றிக் கொடுத்தது. இதைப் படித்த பிறகும் மனு எழுத வருகிறவர்கள் வரலாம். எர்த் என்பதற்கு என்ன அர்த்தம் என்று இப்போது எனக்குத் தெரியும்.