இடது கைக்கு இரண்டு மில்லிமீட்டர்

மருந்துக்கடையில் வேலை பார்த்த அவளுக்கு வீட்டில் இன்னொரு வேலையும் இருந்தது. அவளுடைய நாத்தனார் பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறை வைத்திருந்தாள். வெட்ட வேண்டிய அளவுகளைப் பெரிய தாளில் வரைந்து தர அங்கே ஓர் இயந்திரம் உண்டு. அதற்கு வயது இருபத்திரண்டு. செய்த கம்பெனியை எப்போதோ மூடியாயிற்று. அதற்கும் கம்ப்யூட்டருக்கும் பேச்சு நடக்க, டிரைவர் என்ற சின்ன நிரல் வேண்டும். இயங்குதளம் புதிதாக மாறும்போதெல்லாம் டிரைவர் மக்கர் பண்ணும். தட்டுத்தடுமாறித் தானே கற்றுக்கொண்டதை வைத்து அண்ணியான இவள்தான் சரிசெய்து, இயங்குதளக் குழுவுக்கும் அனுப்பிவைப்பாள். 'டிரைவர் வேலையும் பார்க்கிறாளாம்' என்று கேள்விப்பட்ட எதிர்வீட்டுக்காரர் வேன் ஓட்டக் கூப்பிட்டதும் உண்டு. அவளுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இயங்குதளத்தைப் பராமரிக்கும் குழு மின்னஞ்சல் அனுப்பியது. இந்த டிரைவரை உங்களைத் தவிர யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. பத்து நாளில் இன்னும் இரண்டு பேராவது பயன்படுத்துவதாகச் சொல்லாவிட்டால் அடுத்த பதிப்பிலிருந்து நீக்கிவிடுவோம்.

"எடுத்தா எடுக்கட்டும். நீங்கதான் இருக்கீங்களே அண்ணி," என்றாள் நாத்தனார்.

"அப்புறம் ஒவ்வொரு தடவையும் நான் முதல்லேர்ந்து மல்லுக்கட்டணும். எங்கேயாவது ரெண்டு பேரைப் பிடிச்சாகணும்."

பழைய இயந்திரக்காரர்கள் கூடும் இணையதளம் ஒன்று விடாமல் எழுதிப்போட்டாள். ஒரு வாரம் ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. எட்டாம் நாள் இரண்டு பதில்கள் வந்தன. ஒருத்தி நாடகங்களுக்கு உடை தைப்பவள். இன்னொருவர் படகுக்குப் பாய் தைக்கும் பெரியவர். அவர் எழுதியிருந்தார்: "ஆறு வருஷமா பழைய பதிப்பையே கட்டிக்கிட்டு மாரடிச்சேன். உங்க புண்ணியத்துல புதுசுக்கு வந்துட்டேன். ஒரே ஒரு சங்கதி, வரையறப்ப இடது ஓரத்துல ரெண்டு மில்லிமீட்டர் குறையுது."

அவள் அந்த வரியை இரண்டாம் முறை படித்தாள். தைத்த சட்டைகளில் இடது கை மட்டும் இறுக்கிப் பிடிக்கிறது என்று நாத்தனார் மூன்று வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்தாள். 'உன் கத்திரிக்கோல் மொக்கை' என்று அடித்துச் சொன்னவள் இவள்தான். நிரலைத் திறந்து பார்த்தாள். கூட்ட வேண்டிய இடத்தில் கழித்திருந்தாள்.

திருத்திவிட்டு நேராகப் பட்டறைக்குப் போனாள். "கத்திரிக்கோல் மேல தப்பில்ல. தப்பு என் மேலதான்."

நாத்தனார் ஒரு கணம் முறைத்தாள். அப்புறம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நாலு கத்திரிக்கோல் மாத்திட்டேன் அண்ணி! பாவம், மூணு வருஷமா ஒரு பிள்ளையும் இடது கையைத் தூக்கிப் பதில் சொல்லியிருக்காது!"

டிரைவர் பிழைத்தது. மறுவாரம் நாடக உடைக்காரி மறுபடி எழுதினாள்: தன்னிடம் இன்னொரு பழைய இயந்திரம் பேசாமல் கிடக்கிறது, பார்க்க முடியுமா?

"அதுக்கு என்ன வயசு?" என்று கேட்டார் கணவர்.

"முப்பத்தொண்ணு," என்றாள். அதற்குள் பதில் எழுதத் தொடங்கியிருந்தாள்.